எயார் பாக் விளக்கு பொய் சொல்லலாம்: காரின் மின்பிழையைக் கண்டறியும் வழிகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு சிறிய கராஜில் சில மாதங்களுக்கு முன்னர் அரை நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்த ஒரு சிறிய கார் நின்றது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அதைக் கைமாற்றி வாங்கி ஹயர் ஓட்டுபவர், ஹோன் அடிக்குதில்லை என்று கொண்டுவந்திருந்தார். பெரும்பாலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் கார் அது.

கராஜின் எலக்ட்ரீசியன் பொனற்றைத் திறக்கவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்து திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பி, மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தி, மீண்டும் ஒரு தடவை திருப்பினார்.

“தம்பி, எயார் பாக் லைற் எரியேல்லையே?”

“ஓம் அண்ணை, அது ஒரு நாளும் எரியிறேல்லை. அதால அது சரியாத்தானே இருக்குது.”

மீற்றர் பெட்டியைக் கழற்றியபோது விடயம் வெளித்தது. எயார் பாக் எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப் இரண்டு மடிப்பாக ஒட்டப்பட்டிருந்தது. காரை விற்பதற்கு முன்னர் யாரோ செய்த வேலை. இரண்டு வருடங்களாக அந்தக் காரின் முன் ஆசனத்தில் இருந்து போனவர்கள் எல்லோரும் எயார் பாக் இல்லாமலே போயிருக்கிறார்கள். அது சாரதிக்கும் தெரியாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களே கைமாறின, விபத்துக்குள்ளானவை கூடத் திருத்தி விற்கப்பட்டன. எயார் பாக் ஒழுங்கு எப்படி இயங்குகிறது, அதன் மின்பிழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே கை வைக்கக் கூடாது என்பவற்றை வாகனம் வைத்திருப்பவர்களும் கராஜ் வேலை பழகும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

ஆறு செக்கன் பரிசோதனை

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை இயக்காமல் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்புங்கள். பொத்தானில் இயங்கும் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். எயார் பாக் விளக்கு எரிந்து, ஏறத்தாழ ஆறு செக்கன்களில் அணைய வேண்டும்.

எரிந்து அணைந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைத்தானே பரிசோதித்துப் பிழை எதையும் காணவில்லை என்று பொருள். அணையாமல் எரிந்தாலோ, அணைந்து மீண்டும் எரிந்தாலோ, மினுங்கினாலோ ஏதோ ஒரு சுற்றில் பிழை உண்டு. அந்த நிலையில் சில கார்களில் ஒரு பை மட்டும் விரியாது, சிலவற்றில் முழு ஒழுங்குமே நின்றுவிடும். உங்கள் காரில் எது நடக்கும் என்று ஊகிக்காமல், எயார் பாக் இல்லை என்றே எண்ணி ஓட்டுவதுதான் புத்தி.

மூன்றாவது நிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது யாராவது அதை மறைத்திருக்கலாம். அதன் வயரை வேறொரு விளக்கின் வயரோடு இணைத்து, இரண்டும் சேர்ந்து எரிந்து அணையும்படி செய்வோரும் உண்டு. ஆகவே எந்த விளக்கோடு சேர்ந்து அணைகிறது என்பதையும் கவனியுங்கள். எஞ்சினை இயக்கிய அதே கணத்தில் ஒயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் சந்தேகப்பட இடமுண்டு.

பைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஒழுங்கின் மூளை, பெரும்பாலான கார்களில் இரண்டு முன் ஆசனங்களுக்கும் நடுவே தரையோடு பூட்டப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மோதலின் வேகக் குறைவை அளக்கும் சென்சர் ஒன்று அதற்குள்ளேயே உண்டு. காரின் முன்புறத்திலும், பக்கப் பைகள் உள்ள கார்களில் கதவுத் தூண்களிலும் வேறு சென்சர்கள் இருக்கும். பெட்டியிலிருந்து புறப்படும் மஞ்சள் நிற வயர்களும் கனெக்டர்களும் சாரதிப் பை, பயணிப் பை, பக்கப் பைகள், ஆசனப்பட்டியை இறுக்கும் பொறி ஆகியவற்றுக்குப் போகின்றன. வாகனத்தில் மஞ்சள் கனெக்டரைக் கண்டால் அது எயார் பாக்குடன் தொடர்புடையது என்றே கொள்ள வேண்டும்.

சாரதிப் பை ஸ்டியரிங் சில்லின் நடுவில் இருக்கிறது. சுழலும் சில்லுக்கு நேராக வயர் கொண்டுபோக முடியாது. அதனால் சில்லுக்குக் கீழே, சுருட்டி வைத்த நாடா போன்ற தட்டையான கேபிள் ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கும். கராஜ்களில் இதைக் குளொக் ஸ்பிரிங் என்பார்கள். ஹோனுக்கும், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களுக்கும், எயார் பாக்குக்கும் மின் போவது இதன் வழியாகத்தான். அதனால்தான் ஹோன் பழுது என்றதும் அந்த எலக்ட்ரீசியன் முதலில் எயார் பாக் விளக்கைப் பார்த்தார். நாடாவின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். எயார் பாக்கின் இழை முதலில் அறுந்திருக்கிறது. விளக்கு மறைக்கப்பட்டிருந்ததால் ஹோனின் இழையும் அறும்வரை யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு பையின் பின்னாலும் வாயுவைப் பிறப்பிக்கும் உலோகக் கலம் ஒன்றும், அதைப் பற்றவைக்கும் சிறு மின் திரியும் உண்டு. இந்தத் திரியின் தடை ஏறத்தாழ 2 முதல் 3 ஓம். கட்டுப்பாட்டுப் பெட்டி மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓயாமல் அனுப்பி இந்தத் தடையை அளந்துகொண்டே இருக்கும். மோதல் நேர்ந்தால் ஒரு அம்பியருக்குச் சற்றுக் கூடிய மின்னோட்டம் இரண்டு மில்லி செக்கன்கள் பாய்ந்தாலே போதும், கலம் எரிந்து பை விரிந்துவிடும். மோதல் தொடங்கியதிலிருந்து பை முழுதாக விரியும்வரை ஏறத்தாழ 50 மில்லி செக்கன்கள், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

இந்த இரண்டு ஓம் அளவுதான் பிழை கண்டறிதலின் அடிப்படை. தடை மிகக் கூடினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மிகக் குறைந்தால் இரண்டு வயர்களும் எங்கோ தொட்டுக்கொள்கின்றன.

தொடுவதற்கு முன்னர்

நான் சந்தித்த எலக்ட்ரீசியன் முன்னர் பல வருடங்கள் வன்னியில் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவர். “அங்கையும் இதுதான் சட்டம். செத்துப்போச்சு எண்டு நீ நினைக்கிறதுக்காக அது செத்துப்போறதில்லை” என்றார். எயார் பாக் நம்மைக் காக்க வைக்கப்பட்டது. ஆனாலும் அதற்குள் இருப்பது வெடிபொருள்தான். பின்வரும் விதிகளில் ஒன்றைக்கூடத் தவிர்க்க முடியாது.

முதலில் திறப்பை நிறுத்தி, பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். மோதலில் பற்றரி நசுங்கினாலும் பை விரிவதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொள்ளளவிகள் மின்னைச் சேமித்து வைத்திருக்கின்றன. அது வடிய வேண்டும். டொயோட்டா குறைந்தது 90 செக்கன்கள் என்கிறது, ஹொண்டா 3 நிமிடங்கள் என்கிறது. கராஜில் பத்து நிமிடம் பொறுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஹைபிரிட் கார்களிலும் கழற்ற வேண்டியது இந்த 12 வோல்ற் பற்றரியைத்தான். பல மாதிரிகளில் அது பின்பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, எயார் பாக்கின் முனைகளில் மல்டிமீற்றரை ஒருபோதும் வைக்கக் கூடாது. தடையை அளக்கும்போது மீற்றரும் தன் பற்றரியிலிருந்து மின்னை அனுப்புகிறது. ரெஸ்ற் லாம்ப் வைப்பது அதைவிட மோசம். காரின் சாதாரண சிக்னல் குமிழ் ஒன்று இழுக்கும் மின்னோட்டமே பையை வெடிக்கவைக்கப் போதும். மீற்றரால் அளக்க வேண்டியது பையிலிருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்தும் பிரிக்கப்பட்ட வயர்களை மட்டுமே.

மூன்றாவது, கழற்றிய பையைத் தூக்கும்போது அதன் முகப்பு உடலுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். மேசையில் வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்த பை தற்செயலாக வெடித்தால் உலோகப் பகுதி முழுவதும் மேலே எறியப்படும். வெயிலிலோ, வெல்டிங் நடக்கும் இடத்திலோ வைக்கக் கூடாது.

நான்காவது, கனெக்டர்கள் கழன்றிருக்கும்போது தேவையின்றித் திறப்பை 'ஒன்' செய்யக் கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதையும் ஒரு பிழையாகப் பதிந்துகொள்ளும்.

குறியீடு என்ன சொல்கிறது?

பிழையைத் தேட முதலில் பெட்டியின் நினைவைப் படிக்க வேண்டும். போனோடு இணைத்துப் பார்க்கும் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே காட்டும். அதில் பிழை இல்லை என்று வந்தால் எயார் பாக் சரி என்று பொருளல்ல. எயார் பாக் ஒழுங்கையும் படிக்கக்கூடிய ஸ்கானர் தேவை. பழைய டொயோட்டாக்களில் ஸ்கானர் இல்லாமலும், சோதனைக் கனெக்டரின் 4 ஆம், 13 ஆம் முனைகளை இணைத்தால் எச்சரிக்கை விளக்கே மினுங்கி எண்ணைச் சொல்லும். எந்த முனை என்று நிச்சயமாகத் தெரியாமல் வயரைச் செருகக் கூடாது.

குறியீடு எதுவாக இருந்தாலும் பையின் சுற்றில் வரக்கூடிய மின்பிழைகள் நான்கே வகை. டொயோட்டாவின் சாரதிப் பைக் குறியீடுகளை உதாரணமாகப் பார்க்கலாம். பி1800 என்றால் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொட்டுக் குறுஞ்சுற்று. பி1801 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. பி1802 என்றால் வயர் காரின் உடலைத் தொட்டு எர்த் ஆகிறது. பி1803 என்றால் பற்றரியின் நேர் மின் அந்த வயருக்கு வருகிறது. மற்ற நிறுவனங்களின் எண்கள் வேறுபட்டாலும் வகைகள் இவைதான்.

குறியீடு எழுதிக் கொடுக்கும் முடிவு அல்ல. 'சாரதிப் பைச் சுற்று அறுந்துள்ளது' என்று வந்தால் பை பழுது என்று அர்த்தமில்லை. பெட்டிக்கும் பைக்கும் இடையில் வயர், கனெக்டர், குளொக் ஸ்பிரிங் எல்லாம் உண்டு. குறியீட்டைப் பார்த்தவுடனே பையை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். குறியீடு இப்போது உள்ள பிழையா, நினைவில் தங்கிய பழைய பிழையா என்பதையும் கேளுங்கள். பற்றரி இறங்கிப் போன நாளொன்றில்கூட விளக்கு எரியக்கூடும்.

பாதியாகப் பிரித்துத் தேடுதல்

பி1801 வந்த காரை எடுத்துக்கொள்வோம். பற்றரியைக் கழற்றிக் காத்திருந்த பின்னர் சாரதிப் பையைக் கழற்ற வேண்டும். பையின் இடத்தில், திரியின் அதே இரண்டு ஓம் அளவுள்ள சோதனைத் தடையியைக் கனெக்டரில் பொருத்த வேண்டும். பற்றரியை மீண்டும் இணைத்து, குறியீட்டை அழித்து, மறுபடி படிக்க வேண்டும். பிழை மறைந்தால் பையிலோ அதன் கனெக்டரிலோ பிழை. பிழை நின்றால் அது பைக்கு முந்திய பகுதியில் இருக்கிறது.

அடுத்து, மீண்டும் பற்றரியைக் கழற்றிக் காத்திருந்து, அதே தடையியைக் குளொக் ஸ்பிரிங்குக்குக் கீழேயுள்ள கனெக்டரில் பொருத்திப் பார்க்க வேண்டும். இப்போது பிழை மறைந்தால் குற்றவாளி குளொக் ஸ்பிரிங். மறையாவிட்டால் பிழை அங்கிருந்து பெட்டி வரையுள்ள வயரிலோ பெட்டியிலோ உண்டு. ஒவ்வொரு தடவையும் சந்தேகத்துக்குரிய பகுதி குறைந்துகொண்டே வரும். சோதனை முடிந்ததும் தடையியைக் கழற்றிவிட வேண்டும்.

வயரை மீற்றரால் அளக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. எயார் பாக் கனெக்டரைக் கழற்றியவுடன், நிலைமின்னால் பை வெடிக்காதபடி உள்ளே இருக்கும் சிறிய உலோகத் தகடு இரண்டு முனைகளையும் தானாகவே இணைத்துவிடும். இதை அறியாதவர் மீற்றரில் குறுஞ்சுற்றைக் கண்டு, நல்ல வயரைப் பழுது என்பார். கையேடு சொல்லும் விதத்தில் அந்தத் தகட்டை விலக்கிவிட்டே அளக்க வேண்டும். டொயோட்டாவின் கணக்கில் நல்ல வயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு வயர்களுக்கு இடையில் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. குளொக் ஸ்பிரிங்கை அளக்கும்போது மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். அசையாத நிலையில் நன்றாக இருக்கும் அறுந்த இழை, சுழலும்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கே முதலில் பார்ப்பது?

முன் ஆசனங்களுக்குக் கீழே உள்ள மஞ்சள் கனெக்டர்கள்தான் முதலிடம். ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளும்போது அவை இழுபடும். இங்கே கார் வாங்கியவுடன் ஆசன உறை போடுவது வழக்கம். அதற்காக ஆசனத்தைக் கழற்றிய இடத்தில் கனெக்டரைச் சரியாகப் பூட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு பூட்டினாலும், பதிந்த குறியீட்டை ஸ்கானரால் அழிக்கும்வரை பல கார்களில் விளக்கு அணையாது. ஆசனத்தின் பக்கவாட்டில் எயார் பாக் உள்ள காருக்கு, அந்த இடத்தை மூடித் தைத்த உறையைப் போடவே கூடாது.

இரண்டாவது குளொக் ஸ்பிரிங். ஸ்டியரிங் பெட்டி வேலைக்காகத் தண்டைப் பிரித்துவிட்டுச் சில்லைச் சுற்றினால் நாடா அறும். புதியதைப் பூட்டும்போது முன் சில்லுகள் நேராக இருக்க, ஸ்பிரிங் நடுநிலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது முன்புற சென்சர். சிறிய மோதலுக்குப் பின்னர் தகர வேலையும் பெயின்ரும் முடிந்த கார்களில் அதன் கனெக்டர் கழன்றோ, துருப்பிடித்தோ இருக்கலாம். சென்சரில் அம்புக்குறி இருந்தால் அது காரின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும்.

நான்காவது தண்ணீர். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. கட்டுப்பாட்டுப் பெட்டி தரையில் இருப்பதால் கம்பளம் நனைந்தாலே அதன் முனைகளில் பச்சை படியத் தொடங்கும். வெள்ளம் வடிந்து மாதங்கள் கழித்தும் பிழை வரலாம். வீட்டில் நிற்கும் காரில் எலி கடித்த வயரும் இதே கணக்குத்தான். எயார் பாக் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது திருத்தம் அல்ல. நிறுவனத்தின் கையேடு அனுமதிக்கும் முறை இல்லையென்றால் அந்த வயர்த்தொகுதியை மாற்றவே வேண்டும்.

விளக்கால் சொல்ல முடியாதவை

கட்டுப்பாட்டுப் பெட்டி அளப்பது தடையை மட்டுமே. அங்கே பை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விபத்தில் விரிந்த பையை வெட்டி எறிந்து, உறையை ஒட்டி, உள்ளே இரண்டு ஓம் தடையி ஒன்றை வைத்தால் விளக்கு ஆறு செக்கன் எரிந்து அழகாக அணையும். சோதனைக்காக உருவான கருவி இப்படி ஏமாற்றுக்கும் உதவுகிறது. ஸ்டியரிங் நடுவிலோ டாஷ்போர்டிலோ நிறம், தையல், எழுத்து வேறுபட்டிருந்தால், கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மற்றொன்று தகாட்டா. ஜப்பானிய நிறுவனமான தகாட்டாவின் வாயுக் கலங்களில் அமோனியம் நைத்திரேற்று பயன்பட்டது. வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடங்களில் வருடக்கணக்கில் அது பழுதாகி, பை விரியும்போது கட்டுமீறி எரிந்து உலோகக் கலத்தையே சிதறச் செய்தது. 2008 இல் ஹொண்டாவின் முதல் மீளழைப்பு வந்தது. பிறகு அது பல நிறுவனங்களுக்கும் பரவி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் கலங்கள் மீளழைக்கப்பட்டன. 2017 ஜூனில் தகாட்டா வங்குரோத்தானது. நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் உள்ள மலேசியாவிலும் உயிர்கள் போயின. சிறிய மோதலில் உயிர் தப்பியிருக்க வேண்டியவர்களின் கழுத்திலும் முகத்திலும் சன்னங்கள் பாய்ந்தன. சன்னம் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தப் பழுதை எந்த ஸ்கானரும் காட்டாது, விளக்கும் எரியாது. மின் திரியின் தடை சரியாகவே இருக்கும். 2000 களின் தொடக்கம் முதல் 2010 களின் நடுப்பகுதி வரையான ஜப்பானிய கார் வைத்திருப்பவர்கள், சேசி இலக்கத்தை நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடம் கொடுத்து மீளழைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் இணையத்தளங்களிலும் இதைப் பார்க்க வசதி வைத்திருக்கின்றன. உடைத்த கார்களிலிருந்து வரும் பாவித்த பைகளை வாங்கிப் பூட்டுவதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

காசு கொடுப்பதற்கு முன்னர்

கார் வாங்கும்போது ஆறு செக்கன் பரிசோதனையை நீங்களே செய்யுங்கள். எயார் பாக் படிக்கும் ஸ்கானரால் உங்கள் முன்னிலையில் சோதிக்கச் சொல்லி, குறியீடுகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள். முன்னர் பை விரிந்த காரா, கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கராஜில் விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பிழையைத் திருத்தியா அணைப்பது என்று கேளுங்கள்.

எயார் பாக் எப்போதும் துணைப் பாதுகாப்புத்தான். ஆசனப்பட்டி இல்லாமல் அதன் மீது பாய்ந்து விழுபவருக்கு அதுவே காயம் செய்யும். பிள்ளைகளைப் பின் ஆசனத்தில் இருத்துங்கள். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை ஆசனத்தை, இயங்கும் எயார் பாக்குக்கு முன்னால் வைக்கவே கூடாது.

அன்று மாலை அந்தக் காருக்குப் புதிய குளொக் ஸ்பிரிங் பூட்டி முடிந்தது. எலக்ட்ரீசியன் டேப்பை உரித்து, மீற்றரைப் பூட்டி, திறப்பைச் சொந்தக்காரரிடமே கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வாய்க்குள் எண்ணினார். ஆறில் அணைந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு ஹோனை அடித்தார்.